ஆற்றங்கரை ஊரில் கடை எடுக்கலாமா? தாமிரபரணியை வைத்து ஓர் எளிய விளக்கம்

சென்னையில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப நினைக்கும் நண்பர் ஒருவர் போனில் கேட்டார். "திருநெல்வேலியில ஆத்துப் பக்கமா ஒரு கடை வாடகைக்கு வருது வே. மாடியில வீடும் இருக்கு. எடுக்கலாமா?"

எடு, எடுக்காதே என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். அரை மணி நேரம் பேசிவிட்டேன். அன்று பேசியதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினால், ஆற்றங்கரை ஊர் என்றால் ஏன் குடியிருக்கவும் தொழில் செய்யவும் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்பது புதிதாகக் கேட்பவருக்கும் புரியும் என்று தோன்றியது.

பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொன்னது இவ்வளவுதான்: குடிக்கவும் விவசாயத்துக்கும் தண்ணீர் வேண்டும், அதனால் மனிதன் ஆற்றங்கரையில் குடியேறினான். தப்பில்லை, ஆனால் பாதிதான். தண்ணீர் மட்டும்தான் காரணம் என்றால், குழாய் வந்த பிறகு ஆற்றங்கரைக்கு மவுசு போயிருக்க வேண்டும். கோயம்புத்தூருக்குச் சிறுவாணித் தண்ணீர் மலையிலிருந்து குழாயில் வருகிறது. சென்னைக்கு வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் பதித்துக் கொண்டுவருகிறார்கள். இரண்டு ஊரிலும் தொழில் நன்றாகத்தான் நடக்கிறது.

ஓர் ஊருக்கு ஆறு தருவதில் பெரியது, என் கணக்கில், நிச்சயம். எந்த மாதம் தண்ணீர் வரும், எவ்வளவு வரும், எது வரை ஏறும் என்று ஊருக்கே தெரிந்திருக்கும். விதைக்கிறவரும் கடன் கொடுக்கிறவரும் கடை போடுகிறவரும் அதை நம்பித்தான் காரியத்தில் இறங்குகிறார்கள். அந்தக் கணக்கு தப்புகிற நாளில்தான் ஆற்றங்கரையின் வசதி எல்லாம் தொல்லையாக மாறுகிறது. இதைத் தாமிரபரணியை வைத்துப் பார்ப்போம், எனக்குப் பழக்கமான ஆறு அதுதான்.

பொதிகை மலையில் பிறந்து, சுமார் 128 கிலோமீட்டர் ஓடி, புன்னக்காயல் பக்கம் கடலில் சேர்கிறது தாமிரபரணி. அளவில் சின்ன ஆறுதான். ஆனால் இரண்டு விஷயத்தில் கொடுத்து வைத்த ஆறு. ஒன்று, தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இதன் மலையில் பெய்கின்றன. மற்ற ஆறுகள் ஒரு பருவத்தை நம்பி மீதி மாதமெல்லாம் மணலாகக் கிடக்கும்போது, இதில் ஏதோ கொஞ்சமாவது ஓடிக்கொண்டிருக்கும். வற்றாத ஜீவநதி என்று மேடையில் சொல்வார்களே, அதற்கு உள்ளே இருக்கும் காரணம் இது. இன்னொன்று, பிறக்கும் மலையும் சேரும் கடலும் ஒரே மாநிலத்தில் இருக்கின்றன. காவிரிக்காரர்களிடம் கேட்டுப் பாருங்கள், இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்வார்கள்.

இந்த ஓட்டத்தின் குறுக்கே எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம். கடைசியில் சொன்ன ஸ்ரீவைகுண்டம் வெள்ளைக்காரர்கள் காலத்தில் கட்டியது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இந்த எட்டிலிருந்தும் பிரியும் கால்வாய்கள் சுமார் 86 ஆயிரம் ஏக்கருக்குத் தண்ணீர் கொண்டுபோகின்றன. ஜூன் வாக்கில் கார் சாகுபடி, மழைக்காலத்தில் பிசானம் என்று இரண்டு போகம்.

இதில் கடைக்காரருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். அறுவடைப் பணம் எந்த மாதம் ஊருக்குள் வரும் என்று அவருக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவர் சிட்டையில் கடன் எழுதுவார், முன்கூட்டியே சரக்கு இறக்குவார், கல்யாணச் சீசனுக்கு ஜவுளி எடுத்து வைப்பார். வானம் பார்த்த பூமியில் இது முடியாது. அங்கே மழை பொய்த்தால் விவசாயியோடு சேர்ந்து கடைக்காரரும் படுத்துவிடுவார்.

பாபநாசம் பக்கம் 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பஞ்சாலை வைத்ததும் இதே கணக்கில்தான். பருத்தி விளைந்தது கிழக்கே கரிசல் காட்டில், மில் வந்ததோ மேற்கே மலையடிவாரத்தில். மூலப்பொருளை விட்டு இவ்வளவு தூரம் தள்ளிப் போனார்கள் என்றால், மலையிலிருந்து விழும் தண்ணீரின் விசையில் இயந்திரத்தை ஓட்டலாம் என்பதால்தான். பருத்தியை வண்டியில் ஏற்றிக் கொண்டுவரலாம், அருவியை ஏற்ற முடியாதே. அந்த மில்லைச் சுற்றி விக்கிரமசிங்கபுரம் ஒரு தொழிலாளர் ஊராகவே வளர்ந்தது. பிறகு 1940-களில் அதே பாபநாசத்தில் நீர்மின் நிலையமும் வந்தது.

பெரிய மில்லை விடவும் ஆற்றுக்கும் தொழிலுக்கும் உள்ள ஒட்டுறவைப் பார்க்கப் பத்தமடைதான் சரியான இடம். திருநெல்வேலியிலிருந்து மேற்கே சேரன்மகாதேவி போகும் வழியில் இருக்கிறது. ஆற்றோரம் விளையும் கோரையைப் பச்சையாக அறுத்து, கீறி, வெயிலில் காயவைப்பார்கள். அப்புறம் கட்டுக்கட்டாகக் கட்டி ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். ஓடுகிற தண்ணீர் என்பது முக்கியம், குட்டையில் போட்டால் அழுகல் வாடை ஏறிவிடும். ஊறி உப்பிய கோரையை மறுபடி காயவைத்து, கையால் மெல்லிய இழைகளாகக் கிழித்து, சாயம் ஏற்றி, பருத்தி நூலைப் பாவாகவும் கோரையை ஊடையாகவும் வைத்து நெய்வார்கள். நெய்கிறவர்களில் பெரும்பாலானோர் முஸ்லிம் பெண்கள். நல்ல பட்டுப்பாயைக் கையில் வாங்கிப் பார்த்தால் பாய் என்றே தோன்றாது, துணியைப் போல மடித்து வைத்துவிடலாம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பெயரைக் கரையில் நெய்து வாங்கிப் போகிறவர்கள் இன்றும் உண்டு. 2013-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

இந்தத் தொழிலை அப்படியே பெயர்த்து வேறு ஊரில் நட முடியுமா? தறியைத் தூக்கிப் போகலாம், நெய்கிற கையும் போகலாம். கோரையும் ஓடுகிற தண்ணீரும் கூட வராது.

அல்வா வேறு கதை. தாமிரபரணித் தண்ணீரில் கிண்டினால்தான் அந்த ருசி வரும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சத்தியம் செய்வார்கள். எனக்கு இதில் பாதி நம்பிக்கைதான். சம்பா கோதுமையை ஊறவைத்து ஆட்டி, பால் எடுத்து, சர்க்கரையும் நெய்யும் விட்டு மணிக்கணக்கில் கிண்டும் கைக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். ஆனால் வியாபாரம் என்று பார்த்தால் அந்த நம்பிக்கையே ஒரு சொத்து. கள்ளிடைக்குறிச்சி அப்பளத்துக்கும் இதே பேச்சு உண்டு. ஆறு தண்ணீரோடு சேர்த்துச் சரக்குக்கு ஒரு பெயரையும் கொடுத்துவிடுகிறது. விளம்பரத்துக்கு ஒரு பைசா செலவில்லை.

பாலம் போட்ட இடத்தில் கடைவீதி

ஆறு ஊரை இரண்டாகப் பிரிக்கும். கடக்க வேண்டியவர்கள் எல்லோரும் பரிசல் துறையிலோ பாலத்திலோ வந்து கூடித்தான் ஆக வேண்டும். ஆட்கள் கூடுகிற இடத்தில் முதலில் ஒரு டீக்கடை வரும், பின்னாலேயே மற்றதெல்லாம் வரும். உலகத்தில் எந்த ஆற்றங்கரை ஊரை எடுத்தாலும் பாலத்தின் இரண்டு தலைமாட்டிலும் கடைகள் நெருக்கியடித்து இருப்பது இதனால்தான்.

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே 1843-ல் திறந்த சுலோச்சன முதலியார் பாலத்தை இன்றும் ஆற்றுப் பாலம் என்றுதான் சொல்கிறோம். கலெக்டர் அலுவலகத்தில் உத்தியோகத்தில் இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. ஓர் உத்தியோகஸ்தர் கைக்காசைப் போட்டுப் பாலம் கட்டினார் என்றால், அதற்கு முன்னால் ஆற்றைக் கடக்க ஜனங்கள் என்ன பாடு பட்டிருக்க வேண்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்கரையில் கோயிலும் கடைவீதியும், இக்கரையில் பள்ளி, கல்லூரி, ஜெயில் என்று இரண்டு ஊரும் தனித்தனிக் குணத்தோடு வளர்ந்தன. 1994-ல் ஒரே மாநகராட்சியாகச் சேர்த்தார்கள். இன்றும் பாளையங்கோட்டைக்காரர் ஒருவரிடம் "நீங்க திருநெல்வேலியா?" என்று கேட்டுப் பாருங்கள், ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் ஆமாம் என்பார்.

கடல் விலகிப் போன துறைமுகம்

நிச்சயம் என்றேனே, அது கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்பதற்கு இந்த ஆற்றிலேயே சாட்சி இருக்கிறது. கொற்கை. சங்கப் பாடல்களில் முத்துக்குப் பேர்போன பாண்டியர் துறைமுகம். கிரேக்க, ரோமானியப் பயணக் குறிப்புகளிலும் கொல்கை என்று வருகிறது. ஆறு கடலில் சேரும் முகத்தில் இருந்ததால், உள்நாட்டுச் சரக்கு வரவும் கப்பல் ஒதுங்கவும் தோதான இடம்.

ஆனால் ஆறு தண்ணீரை மட்டும் கொண்டுவருவதில்லை, மண்ணையும் சேர்த்துத்தான் கொண்டுவருகிறது. ஒவ்வொரு வெள்ளத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக வண்டல் சேர்ந்து முகத்துவாரம் தூர்ந்தது, கரை கடலுக்குள் நீண்டது. கப்பல் வர முடியாமல் போனதும் வியாபாரிகள் கடல் இருந்த பக்கம் நகர்ந்து காயலுக்குப் போனார்கள். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பார்த்து எழுதியது அந்தக் காயலைத்தான். அப்புறம் அதுவும் தூர்ந்தது. வியாபாரம் புன்னக்காயல், தூத்துக்குடி என்று இடம் மாறிக்கொண்டே போனது. இன்று கொற்கையில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது, 6, 7 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, தொழில் மட்டும் எழுந்து போய்விட்டது. ஊரை உண்டாக்கிய அதே ஆறுதான் அதன் வியாபாரத்தையும் மூடியது.

கரை மேடு, பின்னால் பள்ளம்

சரி, நண்பரின் கடைக்கு வருவோம். ஆற்றை ஒட்டிய இடம் என்றாலே தாழ்வு, ஆற்றை விட்டுத் தள்ளிப் போகப் போக மேடு என்றுதான் பலரும் நினைக்கிறோம். சமவெளியில் ஓடும் ஆற்றில் பல இடங்களில் இது தலைகீழ்.

வெள்ளம் கரையைத் தாண்டும்போது அதன் வேகம் சட்டென்று குறைகிறது. வேகம் குறைந்ததும் கனமான மணல் கரை ஓரத்திலேயே விழுந்துவிடுகிறது, லேசான வண்டல் மட்டும் தூரம் போகிறது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படியே நடந்தால் ஆற்றின் ஓரம் இயற்கையாகவே வரப்பு கட்டினதுபோல் உயர்ந்துவிடும், அதற்குப் பின்னால் இருக்கும் நிலம் பள்ளமாக நிற்கும். பழைய ஊர்களும் கோயில்களும் இந்த மேட்டில் இருக்கும், வயல் பின்னால் பள்ளத்தில் இருக்கும். நகரம் பெருத்தபோது அந்த வயல்களைத்தான் பிளாட் போட்டு விற்றோம். வெள்ளத்தில் பள்ளத்துக்குள் புகுந்த தண்ணீர், ஆறு வடிந்த பிறகும் மேட்டைத் தாண்டித் திரும்பிப் போக வழியில்லாமல் நாள்கணக்கில் நிற்கும்.

மேடு எது, பள்ளம் எது என்ற கணக்கு பழைய ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. ஆதிச்சநல்லூரில் ஆற்றின் தென்கரையில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம், விவசாயத்துக்கு ஆகாத மேட்டுப் பரம்பு. விளைகிற பூமியைத் தொடவில்லை.

ஆற்றோடு எப்படிப் பழகுவது என்று தெரிய வேண்டுமானால் குறுக்குத்துறை முருகன் கோயிலை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். கரையில் இல்லை, ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளத்தை எதிர்கொள்ளும் பக்கம் படகின் முன்முனைபோல் கூராகக் கட்டியிருக்கிறார்கள். வருகிற தண்ணீர் மோதி நிற்காமல் இரண்டாகப் பிரிந்து போய்விடும். வெள்ளம் ஏறப் போகிறது என்று தெரிந்ததும் உற்சவரையும் உண்டியல் முதலானவற்றையும் கரையில் இருக்கும் மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். கோயில் மூழ்கும். தண்ணீர் வடிந்ததும் சேற்றை அள்ளிக் கழுவிவிட்டு, சாமியைத் திரும்பக் கொண்டுவருவார்கள். ஊர்க்காரர்களுக்கு அந்தக் கோயில்தான் அளவுகோல். "குறுக்குத்துறை கோயில் மூழ்கிட்டாம்" என்ற பேச்சு வந்தால், தாழ்வான தெருக்களில் சாமான்களைப் பரண் மேல் ஏற்ற ஆரம்பிப்பார்கள்.

அப்படிப் பழகிய ஊரையும் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை புரட்டிப் போட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதை விட அதிகம். இங்கே ஜங்ஷன் பகுதியும் ஆற்றோரத் தெருக்களும் தண்ணீருக்குள் போயின, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் ஒன்று பயணிகளோடு நின்றுவிட்டது. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள், அதை வைத்துப் போட்ட கணக்கு இந்த முறை தப்பிவிட்டது என்றார்கள். ஆற்று வெள்ளத்தோடு, உடைந்த குளங்களின் தண்ணீரும் தெரு மழையும் ஒரே நேரத்தில் சேர்ந்தால் கோயிலை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது.

இந்த ஆற்றைக் குடிக்கிற ஊர்கள் தூத்துக்குடி வரை இருக்கின்றன. ஆற்றுப் படுகையில் உறைகிணறு இறக்கி, மணல் வழியாக ஊறி வரும் தண்ணீரைத்தான் இறைக்கிறார்கள். மணல்தான் வடிகட்டி. அதை அள்ளிவிட்டால் கிணறும் கெடும். எண்பது வயதைத் தாண்டிய கம்யூனிஸ்ட் தலைவர் இரா. நல்லகண்ணு 2010-ல் மணல் அள்ளுவதை எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய்த் தடை வாங்கியதைச் சிலர் வெறும் அரசியலாகப் பார்த்தார்கள். என்னைக் கேட்டால் அது நம் வீட்டுக் குழாயைப் பற்றிய வழக்கு. கங்கைகொண்டான் சிப்காட்டில் குளிர்பான ஆலைகளுக்குத் தண்ணீர் கொடுப்பது பற்றியும் இப்படி ஒரு சண்டை நடந்தது. 2016-ல் மதுரைக் கிளை இடைக்காலத் தடை போட்டது, 2017 மார்ச்சில் அதை நீக்கியது. ஆற்றை நம்பி ஆட்கள் வரவர, யாருக்கு எவ்வளவு என்ற பேச்சும் கூடவே வந்துவிடும். இதற்கு நடுவே மாநகரத்தின் சாக்கடையையும் இதே ஆற்றில் விட்டுக்கொண்டிருக்கிறோம். பாபநாசத்தில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறவர்களை என்னவென்று சொல்ல.

இவ்வளவையும் கேட்ட பிறகு நண்பர் பொறுமை இழந்துவிட்டார். "அது சரி வே, கடையை எடுக்கணுமா வேண்டாமா?"

எடுக்கலாம், ஆனால் சிலதைப் பார்த்துவிட்டு எடு என்றேன். இடம் ஆற்றுப் புறம்போக்கு இல்லாமல் பட்டா நிலமா என்று முதலில் பார்க்க வேண்டும், புறம்போக்கு என்றால் எவ்வளவு குறைந்த வாடகைக்குக் கொடுத்தாலும் கிட்டே போகக் கூடாது. 2023-ல் தண்ணீர் எது வரை வந்தது என்று வீட்டு உரிமையாளரிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, "இங்கே வரலை" என்றுதான் சொல்வார். எதிர் டீக்கடையில் கேட்க வேண்டும். பின் சுவரில் சுண்ணாம்பு எந்த உயரம் வரை புதிதாக இருக்கிறது என்று பார்த்தால் அதுவே சொல்லிவிடும். மீட்டர் பெட்டி அந்த உயரத்துக்கு மேலே இருக்க வேண்டும். சரக்குக்குக் காப்பீடு எடுக்கும்போது தீ மட்டுமா, வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒருநாள் போய் நின்று, பாலத்திலிருந்து இறங்குகிற கூட்டம் கடைப் பக்கம் திரும்புகிறதா, நேரே பஸ்ஸைப் பிடிக்கப் போகிறதா என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வியாபாரத்துக்கு அதுதான் கடைசிக் கணக்கு.

அவர் கடையை எடுத்துவிட்டார். சரக்கையெல்லாம் மாடி அறைக்கு மாற்றி, கீழே அன்றன்றைக்குத் தேவையானதை மட்டும் வைத்திருக்கிறார். விடியற்காலையில் படித்துறைக்குப் போய் முங்கிக் குளித்துவிட்டு வருவதாகவும், சென்னையில் இத்தனை வருடம் வாளித் தண்ணீரில் காலம் தள்ளியது வீண் என்றும் சொன்னார். பேப்பரில் முதலில் பார்ப்பது இப்போது அணை நீர்மட்டம்தானாம். போன வாரம் போன் செய்து, "பாபநாசம் முழுக் கொள்ளளவு 143 அடி, மணிமுத்தாறு 118, சரி. சேர்வலாறு எத்தனை வே?" என்றார். 156 என்று சொன்னேன். குறித்துக்கொண்டு வைத்துவிட்டார்.